விசில் சத்தம் வந்த ஊர்: நிலநடுக்க நாட்டுக்கு நம் தெருவிலிருந்து என்ன போகலாம்?

நடுராத்திரியில் விசில் ஊதிக்கொண்டு, தடியைத் தரையில் தட்டிக்கொண்டு போகும் காவல்காரருக்குத் தமிழ்நாட்டில் ஒரே பெயர்தான்: கூர்க்கா. மாதம் பிறந்தால் வீட்டுக்கு வீடு வந்து, ஒரு சல்யூட் வைத்து, காசு வாங்கிக்கொண்டு போவார். சொந்தப் பெயர் என்ன, எந்த ஊர் என்று அவரிடம் கேட்டவர்கள் குறைவு. 'கூர்க்கா' என்பதே ஓர் ஊரின் பெயரிலிருந்து வந்த சொல்தான். நேபாளத்தின் மலைகளுக்கு நடுவே இருக்கிறது கோர்க்கா மாவட்டம். (எல்லாக் கூர்க்காக்களும் அந்த மாவட்டத்துக்காரர்கள் இல்லை, மேற்கு நேபாளத்திலிருந்து வருகிறவர்களும் நிறைய.)

2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை, நேபாள நேரம் முற்பகல் 11.56. அந்தக் கோர்க்கா மாவட்டத்தின் பார்பாக் கிராமத்துக்கு அருகேதான் 7.8 அளவு நிலநடுக்கம் தொடங்கியது. ஏறக்குறைய 9,000 பேர் இறந்தார்கள். சுமார் 5 லட்சம் வீடுகள் முழுதாக இடிந்தன. காத்மாண்டுவின் அடையாளமான தரஹரா கோபுரம் அடியோடு சரிந்தது. சனிக்கிழமை அங்கே வார விடுமுறை. ஆயிரக்கணக்கான வகுப்பறைகள் இடிந்தபோதும் உள்ளே பிள்ளைகள் இல்லை என்பது மட்டும் ஒரு ஆறுதல்.

எங்கோ ஒரு நாட்டில் பூமி குலுங்கினால், டி.வி.யில் பார்த்து 'ஐயோ பாவம்' என்று சொல்வதைத் தவிர நம் தெருவால் என்ன செய்துவிட முடியும்? நிறைய முடியும். ஆனால், முதலில் கை போகும் இடம் பெரும்பாலும் தவறான இடம்: பீரோவின் பழைய துணி அடுக்கு.

மயோனைஸ் வந்து இறங்கிய விமானம்

அப்போது நேபாளத்தில் இருந்தது ஒரே ஒரு சர்வதேச விமான நிலையம். அதற்கும் ஒரே ஓடுபாதை. உலகமே அந்த ஒற்றைப் பாதையில் உதவியைக் கொண்டுவந்து இறக்கியது. ஒரு வாரத்துக்குள் ஓடுபாதையில் விரிசல் விட ஆரம்பித்து, மே 3-ஆம் தேதி பெரிய விமானங்களுக்குத் தடை போட வேண்டியதாயிற்று. இறங்கிய சரக்கு சுங்கச் சோதனையில் தேங்கிக் கிடந்தது. அப்போதைய நிதியமைச்சர் ராம் ஷரண் மஹத் வெளிப்படையாகவே அலுத்துக்கொண்டார்: டூனா மீனும் மயோனைஸும் வருகின்றன, அவை எங்களுக்கு எதற்கு? தானியமும் உப்பும் சர்க்கரையும்தான் வேண்டும் என்றார்.

அனுப்பியவர்கள் கெட்ட எண்ணத்தில் அனுப்பவில்லை. ஆனால், மயோனைஸ் பெட்டி வந்த இடத்தில் ஒரு தார்ப்பாய்க் கட்டு வந்திருக்கலாம். ஒரே வாசல் இருக்கும் வீட்டில், தேவையில்லாத சாமானும் அந்த வாசலைத்தான் அடைக்கும்.

இதை நேபாளத்துக்காரர்கள் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா கடலடியில் நடந்த நிலநடுக்கம் நாகப்பட்டினத்தைச் சுனாமியாக வந்து அடித்தது. அந்த ஒரு மாவட்டத்திலேயே 6,000-க்கும் அதிகமானோர் போனார்கள். அடுத்த சில நாட்களில் லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. கிழிந்த சேலை, பட்டன் இல்லாத சட்டை, கடற்கரைக் கிராமத்தில் யாரும் உடுத்தாத கம்பளி. உழைத்துச் சம்பாதித்து நல்லபடி உடுத்திய மீனவக் குடும்பங்கள் அதைத் தொடவில்லை. துணி சாலையோரத்தில் மலைமலையாகக் குவிந்தது. கூஞ்ச் என்ற தொண்டு நிறுவனம் அந்தக் குவியலை வாரி, தரம் பிரித்து, உடுத்த முடியாதவற்றைத் துவைத்து மாதவிடாய்த் துணிகளாகத் தைத்து வேறு ஊர்களுக்கு அனுப்பியது. கொடுப்பதற்கு ஒரு நிமிடம், பிரிப்பதற்கு மாதக்கணக்கு.

மருந்து விஷயம் இதைவிட மோசம். 1988 டிசம்பரில் ஆர்மீனியாவில் நிலநடுக்கம். உலகம் அனுப்பிய மருந்தும் மருத்துவப் பொருட்களும் 5,000 டன். பெயர்கள் 21 மொழிகளில். 50 பேர் உட்கார்ந்து ஆறு மாதம் தரம் பிரித்தார்கள். உடனே பயன்படுத்தத்தக்கதாக இருந்தது சுமார் 30 சதவிகிதம். கடைசியில் 20 சதவிகிதத்தை அழிக்க வேண்டியிருந்தது. வீட்டு மருந்து டப்பாவில் மிச்சமிருக்கும் பாதி அட்டை மாத்திரைகளை நிவாரணப் பெட்டியில் போடும் பழக்கம் உள்ளவர்கள் இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பக்கத்திலேயே இருக்கிறார் உறவுக்காரர்

வெளிநாட்டு நிலநடுக்கம் என்றாலும் அதில் வீடு இழந்தவர் பல நேரம் நம் தெருவிலேயே இருக்கிறார். ஓட்டல் சமையலறையில், அபார்ட்மென்ட் வாசலில், மோமோ கடையில். அவருக்குச் செய்வதற்கு விமானமும் வேண்டாம், சுங்கமும் வேண்டாம்.

முதல் நாள் அவருக்குத் தேவை, தொலைபேசி. 2015-ல் பி.எஸ்.என்.எல். நேபாள அழைப்புகளுக்குச் சில நாட்கள் உள்ளூர்க் கட்டணமே வாங்கியது. சில பணப் பரிமாற்ற நிறுவனங்கள் கட்டணத்தையே தள்ளுபடி செய்தன. இப்படி அறிவிப்பு வரும்போது அது பெரும்பாலும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ வருகிறது. இரண்டும் வாசிக்கத் தெரியாத ஆளிடம் அதை எடுத்துச் சொல்வதே ஓர் உதவிதான்.

இரண்டாவது, லீவு. சென்னை வழியாகப் போகும் ராப்தி சாகர் எக்ஸ்பிரஸில் கோரக்பூர், அங்கிருந்து பஸ்ஸில் சோனௌலி எல்லை, பிறகு மலைப்பாதை. போய்ச் சேரவே நாட்கள் ஆகும். முன்பணமாக ஒரு மாதச் சம்பளம், டிக்கெட், 'திரும்பி வந்தால் வேலை இருக்கும்' என்ற ஒரு வார்த்தை. இந்த மூன்றையும் முதலாளியோ குடியிருப்போர் சங்கமோ சேர்ந்து கொடுத்தால், அவர் இடிந்த வீட்டின் முன்னால் நின்றுகொண்டு இங்கே வேலை போய்விட்டதே என்று கவலைப்பட வேண்டியதில்லை. சங்கக் கூட்டத்தில் அரை மணி நேரம் பேசி முடிக்கிற விஷயம் இது.

போகாதவர் பணம் அனுப்புவார். இந்தியாவிலிருந்து நேபாளத்துக்கு வங்கி மூலம் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி 2008-லேயே தனி வசதி செய்திருக்கிறது. 2021-லிருந்து வங்கிக் கணக்கு உள்ளவர் ஒரு தடவைக்கு 2 லட்சம் ரூபாய் வரை அனுப்பலாம். கணக்கு இல்லாமல் ரொக்கமாகக் கட்டினால் 50,000 வரை. வாங்குபவருக்குக் கணக்கு இல்லாவிட்டாலும் ரொக்கமாகப் பெற வழி உண்டு. ஆனாலும் பலர் ஊருக்குப் போகிற யாரிடமாவது நோட்டுக் கட்டைக் கொடுத்தனுப்புகிறார்கள். வங்கிப் படிவத்தை நிரப்ப ஒரு ரிட்டயர்டு வாத்தியார் கூடப் போய் உட்கார்ந்தால் போதும்.

இன்னொன்றும் உண்டு; பேசக் கூச்சப்படக் கூடாது. பேரழிவுக்குப் பின்னால் பிள்ளை பிடிப்பவர்கள் வருவார்கள். 2015-ல் பெற்றோரோ பாதுகாவலரோ இல்லாமல் குழந்தைகள் மாவட்டம் தாண்டுவதற்கே நேபாள அரசு தடை போட்டது. 'நிலநடுக்கத்தில் அநாதையான குழந்தை, தத்தெடுக்க அழையுங்கள்' என்று வாட்ஸ்அப்பில் வந்தால் அதை ஃபார்வர்ட் செய்யாமல், குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்ல வேண்டும். திடீரென்று ஒரு வீட்டிலோ பட்டறையிலோ புதிதாக ஒரு மலைப்பகுதிச் சிறுவன் வேலைக்கு நின்றாலும் அதே எண்தான்.

உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு வரைபடம்

காலேஜ் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் கண் விரியும். மலைக் கிராமங்களில் எங்கே எத்தனை வீடு, எந்த ஒற்றையடிப் பாதை எங்கே போகிறது என்பதற்குப் பல இடங்களில் சரியான வரைபடமே இல்லை. ஹெலிகாப்டர் எங்கே இறங்கும்? கோவேறு கழுதையில் அரிசி மூட்டை எந்த வழியில் போகும்? 2010 ஜனவரியில் ஹைட்டி நிலநடுக்கத்தின்போது, ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தில் உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துத் தெருத்தெருவாக வரைந்து கொடுத்தார்கள். நேபாளத்திலும் அதுவே நடந்தது, இன்னும் பெரிதாக. ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்தே கூரைகளையும் பாதைகளையும் குறித்தார்கள். செஞ்சிலுவைக்காரர்கள் அதைப் பார்த்துக் களத்துக்குப் போனார்கள்.

வேலை எளிது. பாதிக்கப்பட்ட பகுதி சின்னச் சின்னக் கட்டங்களாகத் திரையில் வரும். ஒரு கட்டத்தை எடுத்துக்கொண்டு, தெரிகிற வீடுகளைச் சுற்றிக் கோடு போட வேண்டும். அனுபவமுள்ள இன்னொருவர் சரிபார்ப்பார். போனில் செய்வது கஷ்டம்; கம்ப்யூட்டர் வேண்டும். ஒரு கல்லூரியின் என்.எஸ்.எஸ். அணி சனி, ஞாயிறு இரண்டு நாள் லேபைத் திறந்து வைத்தால் ஒரு பள்ளத்தாக்கையே வரைந்து முடிக்கலாம்.

நேபாளம் இதில் ஓரளவு தப்பித்ததற்குக் காரணம், காத்மாண்டு லிவிங் லேப்ஸ் என்ற உள்ளூர் இளைஞர் கூட்டம். காத்மாண்டுவின் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் அவர்கள் நிலநடுக்கத்துக்கு முன்பே வரைபடத்தில் ஏற்றி வைத்திருந்தார்கள். பூமி குலுங்கிய பிறகு கற்றுக்கொள்ள உட்கார்ந்திருந்தால் நேரம் போயிருக்கும்.

உண்டியல் எப்போது திறக்க வேண்டும்?

பணம்தான் சிறந்த உதவி என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான். அங்கேயே, அந்த ஊர்க் கடையில் அரிசி வாங்கினால் இடிந்து கிடக்கும் கடைக்காரருக்கும் பிழைப்பு. ஆனால், வசூலிக்கிறவர்கள் சிலவற்றைப் பார்க்க வேண்டும். தனி ஆளின் யு.பி.ஐ. எண்ணில் வாங்கக் கூடாது; சங்கக் கணக்கில், இரண்டு கையெழுத்தில். தினமும் தொகையைக் குழுவில் போட வேண்டும். ஏற்கெனவே அந்த நாட்டில் வேலை செய்துகொண்டிருக்கும் அமைப்புக்கோ, அந்நாட்டுத் தூதரகம் அறிவிக்கும் கணக்குக்கோ கொடுக்கலாம். இணைய முகவரியை நாமே தட்டச்சு செய்ய வேண்டும், வந்த லிங்க்கைத் தொடக் கூடாது. 80ஜி வரிச்சலுகை இந்தியாவில் பதிவான அமைப்புகளுக்குத்தான்.

அதைவிட முக்கியமான ஒன்று, எல்லாவற்றையும் முதல் வாரமே அனுப்பிவிடாமல் இருப்பது. நேபாளத்தில் மே 12-ல் மறுபடி 7.3 அளவில் ஆடியது. ஜூனில் மழை வந்தது; அப்போது மக்கள் தேடியது கூரைக்கு ஒரு துத்தநாகத் தகடு. கேமராக்கள் அதற்குள் போய்விட்டிருந்தன. மறுசீரமைப்பு ஆணையம் வேலையைத் தொடங்கியதே டிசம்பரில்தான். வீடு கட்ட அரசு கொடுத்தது மூன்று லட்சம் நேபாள ரூபாய். நம் பணத்தில் 1,87,500. அதுவும் மூன்று தவணையில். முதல் தவணை 50,000, அதாவது நம் கணக்கில் 31,250. அஸ்திவாரம் போட்டு, இன்ஜினீயர் வந்து பார்த்துச் சரி சொன்னால்தான் அடுத்தது.

மலை உச்சிக் கிராமத்தில் சிமென்ட் மூட்டையைச் சுமந்து ஏற்றும் கூலியே அந்த முதல் தவணையில் பெரிய பங்கைத் தின்றுவிடும். வசூலில் பாதியை ஆறு மாதம் கழித்து, இந்த இடைவெளிக்கென்றே எடுத்து வைக்கும் சங்கம் இருந்தால், அந்தப் பணம் போய்ச் சேரும்போது அங்கே வேறு யாருடைய பணமும் வந்திருக்காது.