3,550 படிகளின் கணக்கு

திருப்பதி அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏறும் பாதையில் 3,550 படிகள். தூரம் ஏறக்குறைய 9 கிலோமீட்டர். ஸ்ரீநிவாச மங்காபுரம் பக்கமுள்ள இன்னொரு நடைபாதையான ஸ்ரீவாரி மெட்டில் 2,388 படிகள்; தூரம் 2.1 கிலோமீட்டர்தான். வகுத்துப் பார்த்தால் அலிபிரியில் சராசரியாக இரண்டரை மீட்டருக்கு ஒரு படி, ஸ்ரீவாரி மெட்டில் 88 சென்டிமீட்டருக்கு ஒரு படி. "தூரம் கம்மி" என்று மூட்டுவலிக்காரர்களை ஸ்ரீவாரி மெட்டுக்கு அழைத்துப்போகிறவர்கள் இந்த 88-ஐ மனதில் வைப்பது நல்லது.

அலிபிரியின் சராசரியையும் அப்படியே நம்பக் கூடாது. வழியிலுள்ள காலி கோபுரத்தை எட்டுவதற்குள்ளேயே 2,083 படிகள் முடிந்துவிடும். மொத்தத்தில் 59 சதவீதம். அதற்கப்புறம் மான் பூங்காவையும் தாண்டிப் பெரும்பகுதி சமதளம். மூச்சு திரும்பும் நேரத்தில் மோக்காளு மெட்டு செங்குத்தாக வந்து நிற்கும். ராமானுஜர் இங்கே முழங்காலால் ஏறினார் என்பது ஐதீகம். இன்றும் சிலர் அப்படித்தான் ஏறுகிறார்கள். அடிவாரத்துத் தலையேறு குண்டுப் பாறையில், வலி வராமல் இருக்கத் தலையையும் முட்டியையும் முன்கூட்டியே முட்டிக்கொண்டு போகிறவர்களும் உண்டு.

இந்தப் பாதையின் விசித்திரமான உபகரணம் 2023 செப்டம்பரில் வந்தது. ஆகஸ்டில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியைச் சிறுத்தை கொன்றது. அதன்பின் தேவஸ்தானம் நடந்து வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு கம்பு கொடுத்தது. வாடகை இல்லை, நரசிம்ம சுவாமி கோயிலருகே திருப்பிக் கொடுத்துவிட வேண்டியிருந்தது.  ஒரே கம்பு, அதுவும் சிறுத்தைக்காக. ஜரிகை வேட்டிக்காரர், மொட்டையடிக்கப் போகும் தாத்தா, கல்லூரிப் பிள்ளைகள் என்று ஒரு கூட்டமே கம்பும் கையுமாக "கோவிந்தா" சொல்லி ஏறியது கண்கொள்ளாக் காட்சி. சிறுத்தையை அந்தக் கம்பு நிறுத்தும் என்று எனக்கு நம்பிக்கையில்லை. முட்டிக்கு உதவும் என்பதில் சந்தேகமும் இல்லை.

1944-இல் வாகனங்களுக்கான முதல் மலைச்சாலை, 19 கிலோமீட்டரில் 36 கொண்டை ஊசி வளைவுகளுடன் திறக்கப்படும்வரை, நடக்க முடியாதவர்களுக்கு டோலிதான். இன்று நடக்கிறவரின் செலவுப் பத்தியில் பெரும்பாலும் சைபர்: பையை அலிபிரியில் ஒப்படைத்தால் மேலே இலவசமாக வந்து சேரும், மேலே அன்னதானம்.

உண்மையான செலவு, படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்து ஏறும் பெண்களுக்குத்தான். படிக்கு அரை கிராம் மஞ்சள் என்று வைத்தாலும் 1,775 கிராம் வேண்டும். படிக்கொரு கற்பூரம் ஏற்றினால் 3,550 வில்லை. குனிந்து, மூன்று விரலால் மஞ்சளை இழுத்து, நடுவில் குங்குமம் வைத்து நிமிரப் பத்து நொடி என்றால் 35,500 நொடி. கிட்டத்தட்ட பத்து மணி நேரம். அதாவது 3,550 முறை இடுப்பு வளைய வேண்டும். சும்மா ஏறுகிறவருக்கு மூன்று, நான்கு மணி நேரம் போதும்.

விவரம் தெரிந்தவர்கள் மூன்று பேராகச் சேர்ந்து வருவார்கள்: ஒருவர் மஞ்சள், ஒருவர் குங்குமம், ஒருவர் கற்பூரம். விடியற்காலை நான்கு மணிக்கே முதல் படியில் உட்கார்ந்துவிடுவார்கள், வெயில் ஏறுமுன் காலி கோபுரத்தைத் தாண்டிவிட வேண்டுமென்று.