பறவைகளுக்கு ஒரு மருத்துவமனை

மனிதர் நோயுற்றால் மருத்துவமனைக்குச் செல்கின்றனர். வானில் பறக்கும் புறா சிறகறுந்து வீழ்ந்தால் எங்குச் செல்லும்? தலைநகர் தில்லியில் இவ்வினாவிற்கு விடையாக ஓர் இடம் உண்டு. அதன் வரலாற்றையும் பணியையும் இப்பாடத்தில் அறிவோம்.

செங்கோட்டைக்கு எதிரே

பழைய தில்லியின் சாந்தினி சௌக் கடைத்தெரு, செங்கோட்டைக்கு எதிரே தொடங்குகிறது. அதன் முகப்பில் செந்நிறக் கல்லால் ஆன சமணக் கோயில் ஒன்று நிற்கிறது. மக்கள் அதனை லால் மந்திர் என்பர். இந்தியில் ‘லால்’ என்றால் சிவப்பு. ‘மந்திர்’ என்றால் கோயில். இக்கோயில் வளாகத்திலேயே பறவைகளுக்கான அறக்கட்டளை மருத்துவமனை இயங்குகிறது.

எவ்வுயிர்க்கும் தீங்கு செய்யாமையே சமண சமயத்தின் தலையாய அறம். ஆனால், தீங்கு செய்யாதிருப்பது மட்டும் போதுமா? துன்புறும் உயிரின் துயரைத் துடைக்கவும் வேண்டும் அன்றோ? இவ்வெண்ணத்தால் பழைய தில்லியின் சமணப் பெருமக்கள் 1930ஆம் ஆண்டை ஒட்டி இம்மருத்துவப் பணியைச் சிறிய அளவில் தொடங்கினர். பின்னர் 1957ஆம் ஆண்டு முதல் அது கோயில் வளாகத்தில் நடைபெற்று வருகிறது.

இங்குச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. வழிப்போக்கர் ஒருவர் அடிபட்ட புறாவைக் கையில் ஏந்தி வந்தாலும் மருத்துவர் அதனை ஏற்றுக்கொள்வார். புண்ணைத் தூய்மை செய்து, தேவையாயின் தையலிட்டு, மருந்து கட்டிக் கூண்டில் வைப்பர். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கூண்டுகளில் புறா, கிளி, மைனா முதலிய பறவைகள் நலம்பெறும் வரை தங்கியிருக்கும். நலம் பெற்றவை மீண்டும் வானில் விடப்படும். கொடையாளர் தரும் பொருளாலேயே இத்தனையும் நடைபெறுகிறது.

நூலால் நேரும் துன்பம்

இப்பறவைகள் எவ்வாறு காயமுறுகின்றன? சில, சுழலும் மின்விசிறியில் அடிபடுகின்றன. சில, கோடை வெயிலில் நீரின்றி மயங்கி வீழ்கின்றன. ஆகஸ்ட் மாதத்திலோ வேறொரு காரணம் முன்நிற்கிறது. அதுவே பட்டம்!

தில்லியில் விடுதலை நாளை ஒட்டி மொட்டைமாடி தோறும் பட்டம் பறக்கும். பிறர் பட்டத்தை அறுக்க வேண்டும் என்பதற்காகக் கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூலைப் பலர் பயன்படுத்துவர். நைலான் இழையாலான நூல் இதனினும் கொடியது. எளிதில் அறுவதும் இல்லை, மட்குவதும் இல்லை. பறந்துவரும் பறவையின் கண்ணுக்கு இம்மெல்லிய நூல் தெரிவதில்லை. தோளுக்கும் சிறகின் மணிக்கட்டுக்கும் இடையே உள்ள மெல்லிய தோல்மடிப்பை அது கத்திபோல் கிழிக்கிறது. தசைநாரும் அறுந்துவிட்டால், உயிர் பிழைத்தாலும் அப்பறவை மீண்டும் பறப்பது அரிது. அறுந்த நூல் மரக்கிளைகளில் சிக்கித் தொங்குவதால், விழா முடிந்து பல நாள் ஆன பின்னும் பறவைகள் அதில் மாட்டிக்கொள்கின்றன.

பருந்துக்கு யார் துணை?

லால் மந்திர் மருத்துவமனையில் ஒரு நெறி உண்டு. பருந்து, கழுகு போன்ற ஊன் உண்ணும் பறவைகளை அங்குத் தங்கவைப்பதில்லை. புறநோயாளியாக மருந்திட்டு அனுப்பிவிடுவர். கொல்லாமையைப் போற்றும் இடத்தில் ஊன் உணவு அளிக்க இயலாது. மேலும், புறாக்களின் நடுவே பருந்தை வைப்பதும் தகாது.

ஆனால், தில்லி வானில் கள்ளப்பருந்துகள் மிகுதி. இந்தியில் ‘சீல்’ என்று நீங்கள் அறிந்த பறவை இதுவே. நகரின் குப்பைமேடுகளில் கிடக்கும் இறைச்சிக் கழிவைத் தின்று அவை நமக்குத் துப்புரவுப் பணி செய்கின்றன. உயரப் பறக்கும் இவையும் மாஞ்சா நூலுக்குத் தப்புவதில்லை.

நதீம் ஷெசாத், முகமது சவுத் என்னும் உடன்பிறந்தோர் தம் இளமையில் காயமுற்ற பருந்து ஒன்றைக் கண்டனர். ஊன் உண்ணும் பறவை என்பதால் அதற்கு இடம் கிடைக்கவில்லை. அந்நிகழ்ச்சி அவர்கள் உள்ளத்தை விட்டு அகலவில்லை. உடற்பயிற்சியில் ஈடுபாடு கொண்டிருந்த அவர்கள், அதன்வழித் தசை, தசைநார் பற்றித் தாம் அறிந்தவற்றைத் துணையாகக் கொண்டனர். 2003ஆம் ஆண்டு முதல் பருந்துகளுக்குச் சிகிச்சை அளிக்கத் தொடங்கினர். வடக்குத் தில்லியின் வசீராபாத்தில் தம் தொழிற்கூடத்தின் ஒரு பகுதியையே பருந்துகளுக்குரிய இடமாக்கினர். 2010ஆம் ஆண்டில் அதனை ஓர் அமைப்பாக்கினர். இதுவரை ஆயிரக்கணக்கான பருந்துகள் அவர்கள் கைபட்டுப் பிழைத்துள்ளன. இவர்களைப் பற்றிய ஆவணப்படம் 2022இல் கான் திரைப்பட விழாவில் விருது பெற்றது.

சிபி உணர்த்தும் அறம்

புறாவுக்காகத் தன் தசையை அரிந்து கொடுத்த சிபி மன்னனின் கதையை நாம் அறிவோம். சோழர்கள் சிபியின் வழிவந்தோர் எனப்பட்டதால் ‘செம்பியன்’ என்னும் பெயர் பெற்றனர். இக்கதையில் நாம் பெரும்பாலும் புறாவையே நினைக்கிறோம். துரத்தி வந்த பருந்தைச் சிபி விரட்டவில்லை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். “இது என் உணவு, நான் பசியால் வாடுவது அறமா?” என்று அது கேட்டபோது, அப்பசியும் உண்மையே என அவன் ஏற்றான். புறாவின் எடைக்கு ஈடாகத் தன் தசையைத் துலாக்கோலில் இட்டான்.

தில்லியில் புறாவுக்கு ஓர் இல்லமும் பருந்துக்கு ஓர் இல்லமும் இருப்பதைக் காணும்போது, சிபியின் அறம் இருவேறு கைகளால் நிறைவுறுவதை உணரலாம்.

நாம் செய்யத்தக்கவை

கண்ணாடித்தூள் பூசிய நூலும் நைலான் நூலும் 2017ஆம் ஆண்டிலேயே தில்லியில் தடைசெய்யப்பட்டன. அதே ஆண்டு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுவதற்கும் தடை விதித்தது. ஆயினும், நூலைக் கையில் ஏந்துபவர் நாமே. வெறும் பருத்தி நூலிலும் பட்டம் அழகாகப் பறக்கும்.

அடிபட்ட பறவையைக் கண்டால்:

1. மெல்லிய துணியால் மூடி எடுத்து, காற்றுத்துளைகள் இட்ட அட்டைப் பெட்டியில் வையுங்கள்.
2. வாயில் நீர் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழலில் புகுந்துவிடும்.
3. சுற்றியிருக்கும் நூலை இழுக்காதீர்கள். பெரியவர் துணையுடன் கத்தரியால் வெட்டுங்கள்.
4. இருளும் அமைதியும் உள்ள இடத்தில் வைத்து, விரைவில் மருத்துவரிடம் சேர்ப்பியுங்கள்.

உயிர்களிடத்து இரக்கம் காட்டுதல் நம் அரசியலமைப்பு கூறும் அடிப்படைக் கடமைகளுள் ஒன்று. சிறகு தைக்கும் மருத்துவர் ஒருவர் செய்யும் பணியில் பாதியை, மாஞ்சாவை மறுக்கும் மாணவர் ஒருவர் முன்னதாகவே செய்து முடிக்கிறார்.

சொற்பொருள்

ஊன் – இறைச்சி
துலாக்கோல் – தராசு
தசைநார் – தசையை எலும்புடன் இணைக்கும் நார்
புறநோயாளி – மருத்துவமனையில் தங்காமல் சிகிச்சை பெறுபவர்
மட்குதல் – மண்ணோடு மண்ணாகச் சிதைதல்

வினாக்கள்

1. லால் மந்திர் மருத்துவமனையில் பருந்துகள் ஏன் தங்கவைக்கப்படுவதில்லை?
2. மாஞ்சா நூல் பறவையை எவ்வாறு காயப்படுத்துகிறது?
3. சிபி பருந்தை விரட்டியிருந்தால் அது அறமாகுமா? உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.
4. நீங்கள் வாழும் ஊரில் உயிர்களைக் காக்கும் அமைப்பு எது? பெற்றோரிடம் கேட்டறிந்து, அதன் பணியைத் தமிழில் எழுதி வகுப்பில் படிக்க.