வண்டிக்குப் பின்கண்

படுக்கை, அடுப்பு, குளியலறை யாவும் அமைந்த சக்கர வீட்டை வண்டியின் பின்னே பூட்டி ஊர் சுற்றுவது அமெரிக்கர் பலரின் விடுமுறை வழக்கம். டிரெய்லர் எனப்படும் அது 30 அடி நீளம்கூட இருக்கும். பின்னோக்கி நகர்த்துகையில் அதன் பின்புறம் ஓட்டுநருக்குத் தெரியவே தெரியாது.

அந்நாட்டில் 2002-இல் தந்தை பின்னே எடுத்த காரில் சிக்கி, கேமரன் என்னும் இரண்டு வயதுச் சிறுவன் மாண்டான். 2008-இல் அவன் பெயராலேயே சட்டம் வந்தது. அதன் பயனாக 2018 மே முதல் புதிய கார்களில் பின்புறக் கேமரா கட்டாயம். டிரெய்லருக்கோ அவ்விதி இல்லை! உரிமையாளரே வாங்கிப் பொருத்த வேண்டும்.

கம்பியில்லாக் கேமரா எளிதென்று தோன்றும். ஆனால் அத்தனை நீளம் கடந்து வரும் அலை வலுவிழந்தால் படம் உறைந்து நின்றுவிடக்கூடும். நின்ற படத்தை நம்பி வண்டியை நகர்த்தினால் என்னாவது? நாங்கள் கம்பியுள்ளதையே தேர்ந்தெடுப்போம். கம்பியை முழுநீளமும் இழுத்து, வண்டியும் டிரெய்லரும் சேருமிடத்தில் கழற்றி மாட்டும் இணைப்பு வைக்க வேண்டும், அதுதான் தொல்லை.

கேமராவைப் பின்சுவரின் உச்சியில், நடுவில், சற்றே கீழ்நோக்கிப் பொருத்துவர். துளையில் மழைநீர் புகாதபடி பசையிட்டு அடைப்பர். மின்சாரத்தை அங்குள்ள சிறுவிளக்கிலிருந்து எடுத்தால், பகலிலும் விளக்கைப் போட்டால்தான் கேமரா விழிக்கும். பிறகு பின்னே ஒரு வாளியை வைத்து, எவ்வளவு அருகில் அது திரையில் மறைகிறதென்று அளந்துகொள்ள வேண்டும். அந்த இடத்தில் நிற்கும் குழந்தையைக் கேமராவும் காணாது. இறங்கித்தான் பார்க்க வேண்டும்.