குளிரில் கிளம்ப மறுக்கும் கார்

ஊட்டியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி விழும். உப்பைக் கொட்டியது போல் புல்தரை வெளுத்துக் கிடக்கும். அந்த விடியற்காலையில்தான் கார் முரண்டு பிடிக்கும்!

ஏன்? குளிரில் என்ஜின் ஆயில் கெட்டியாகிவிடுகிறது. என்ஜினைச் சுழற்ற அதிக பலம் வேண்டும். பாட்டரிக்கோ அப்போதுதான் பலம் குறைவு. உறைநிலையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு சக்தி போய்விடும். பழைய பாட்டரி என்றால் கேட்கவே வேண்டாம்.

முதலில் விளக்குகளை அணையுங்கள். டீசல் கார் என்றால், சாவியைப் பாதி திருப்பியதும் ஹீட்டர் விளக்கு எரியும். அது அணைந்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். 10 விநாடிக்கு மேல் சாவியைத் திருப்பிப் பிடிக்கக் கூடாது. கிளம்பாவிட்டால் ஒரு நிமிடம் பொறுத்து மறுபடி முயலலாம். அவசரக்காரர்கள் விடாமல் திருப்பி, மிச்சமிருக்கும் சக்தியையும் தீர்த்துவிடுகிறார்கள்!

"டக், டக்" என்ற சத்தம் மட்டும் வருகிறதா? பாட்டரி முனைகளைப் பாருங்கள். அங்கே வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் மின்சாரம் சரியாகப் பாயாது. மெக்கானிக்கைக் கொண்டு சுத்தம் செய்யுங்கள்.

மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓடவிட்டுச் சூடேற்றுவது பேராபத்து. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையும் இல்லை. ஆளைக் கொன்றுவிடும்! கதவை முழுவதும் திறந்து வையுங்கள். என்ஜின் கிளம்பியதும் காரை வெளியே கொண்டுவந்துவிடுங்கள்.