புண்ணியக் கணக்கு எழுதாத கொல்லிமலைப் பாட்டி

'தர்மம் தலைகாக்கும்' என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பசித்து வந்தவருக்கு ஒரு பிடி சோறு போட்டால் அது வீண்போகாது. இந்தப் பிறவியில் இல்லாவிட்டால் அடுத்த பிறவியிலாவது திரும்பி வரும் என்பது ஊறிப்போன நம்பிக்கை. அப்படி வளர்ந்தவர்களுக்குக் கிறிஸ்தவத்தின் ஒரு போதனை புதிராகத் தோன்றும். மனிதன் எவ்வளவு நல்லது செய்திருந்தாலும் அதைக் காட்டி மோட்சத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்கிறது அது. இரட்சிப்பு கடவுள் இலவசமாகத் தருவது. அதை விசுவாசத்தோடு கை நீட்டி வாங்கிக்கொள்ளலாம். விலை கொடுத்து வாங்க முடியாது.

அப்படியானால் எதற்காக நல்லது செய்ய வேண்டும்? விசுவாசம் மட்டும் போதும் என்று சும்மா இருந்துவிடலாமே!

இந்தக் கேள்விக்குப் பெரிய பெரிய நூல்கள் பதில் சொல்லியிருக்கின்றன. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் ஒரு குடும்பம் வாழ்ந்தே பதில் சொல்லியிருக்கிறது.

சேந்தமங்கலத்திலிருந்து மலைக்கு

கொல்லிமலை அடிவாரச் சமவெளியில் இருக்கும் சேந்தமங்கலத்துக்குக் கிறிஸ்தவம் புதிதல்ல. சந்நியாசி கோலத்தில் மதுரையில் வாழ்ந்த இத்தாலிய கத்தோலிக்கத் துறவி ராபர்ட் தெ நோபிலி 1623ல் இந்தப் பக்கம் வந்தார். சேந்தமங்கலத்தை ஆண்ட ராமச்சந்திர நாயக்கர் அவரை வரவேற்றார். அங்கிருந்து அவர் சேலத்துக்கும் போனார்.

ஏறக்குறைய 300 ஆண்டுகளுக்குப் பிறகு, அதே சேந்தமங்கலத்தில் இயங்கிய ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனுக்கு இங்கிலாந்திலிருந்து ஓர் இளைஞர் வந்தார். பெயர் ஜெஸ்ஸி பிராண்ட். வந்த ஆண்டு 1907. கட்டட வேலை தெரிந்தவர். மிஷனரிகளுக்கென்றே நடத்தப்பட்ட ஓராண்டு மருத்துவப் பயிற்சியும் பெற்றவர். 1913ல் எவ்லின் ஹாரிஸ் என்ற பெண்ணை மணந்தார். எவ்லின் லண்டனில் வசதியான வீட்டில் பிறந்தவர். கல்யாணமான கையோடு இருவரும் கொல்லிமலைக்குக் குடியேறினார்கள்.

இன்று காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் வழியாகப் பேருந்தில் ஏறிவிடலாம். அன்று அந்தச் சாலை கிடையாது. நடக்க வேண்டும், இல்லாவிட்டால் டோலியில் தூக்கிச் செல்ல வேண்டும். மலைக் காய்ச்சலுக்குப் பயந்து சமவெளிக்காரர்கள் அங்கே தங்கவே தயங்கினார்கள்.

மலையில் அப்போது நரம்புச் சிலந்தி நோய் பரவலாக இருந்தது. குடிக்கும் தண்ணீரோடு உள்ளே போகும் புழு, பல மாதம் கழித்து முழ நீளத்துக்கும் மேல் வளர்ந்து, காலில் கொப்புளம் உண்டாக்கி வெளியே வரும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்து உள்ளேயே சீழ் பிடிக்கும். ஜெஸ்ஸி அதை ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக வெளியே எடுத்தார். நோயோடு கிணற்றுப் படியில் இறங்கித் தண்ணீரில் கால் வைத்தால் மற்றவர்களுக்கும் பரவும் என்று ஊர் ஊராகச் சொன்னார். பல் பிடுங்கினார். தச்சு வேலை கற்றுக்கொடுத்தார். பள்ளிக்கூடம் தொடங்கினார். மலைவாசிகளின் நிலம், வரி தொடர்பான குறைகளை அரசாங்கத்திடம் எடுத்துச் சொன்னார்.

மருந்தை வாங்கிக்கொண்டார்கள், மதத்தை வாங்கவில்லை

தாங்கள் இயேசுவைப் பற்றிச் சொல்ல வந்தவர்கள் என்பதை பிராண்ட் தம்பதி மறைக்கவில்லை. ஆனால் பல ஆண்டுகளுக்கு அவர்கள் சொன்னதை யாரும் ஏற்கவில்லை. உள்ளூர்ப் பூசாரி ஒருவர் கடுமையாக எதிர்த்தார். மக்கள் மருந்து வாங்கிக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான்.

சேவைக்குக் கூலியாக மதமாற்றத்தை எதிர்பார்த்திருந்தால் அந்தக் கடையை அப்போதே மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. மருந்துப் பெட்டி அடுத்த ஊருக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது.

1918–19ல் உலகையே உலுக்கிய விஷக் காய்ச்சல் கொல்லிமலைக்கும் ஏறியது. நோய் கண்ட வீட்டுக்குள் நுழைய உறவினர்களே பயந்த நேரம் அது. பிராண்ட் தம்பதி கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு குடிசை குடிசையாகப் போனார்கள். எதிர்த்த பூசாரியும் படுத்துவிட்டார். சாகும் தறுவாயில் அவர் ஜெஸ்ஸியை வரவழைத்து, தன் கைக்குழந்தையை வளர்க்கும்படி ஒப்படைத்தார். அதன் பிறகுதான் அந்த மலையில் ஒரு சின்னச் சபை உருவாயிற்று.

இங்கே ஒரு கேள்வி எழுவது நியாயம். துன்பத்தில் இருக்கும் ஒருவருக்கு உதவிக்கொண்டே மதத்தையும் சொல்வது சரியா? இன்றும் சூடாக விவாதிக்கப்படும் விஷயம் இது. 'சேர்ந்தால்தான் மருந்து' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட அந்தச் சேவை வியாபாரமாகியிருக்கும். சேராதவர்களுக்கும், எதிர்த்தவருக்கும் அதே கஞ்சி போயிற்றா என்பதுதான் இங்கே உரைகல். பூசாரி வீட்டுக்கும் போயிற்று.

1929ல், மலேரியா முற்றி சிறுநீர் கறுத்துப்போகும் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தார். வயது 44. மலையிலேயே புதைத்தார்கள். பிள்ளைகள் இருவரும் அப்போது இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு தொடங்கிய வேலை

எவ்லின் ஊருக்குப் போய் நிம்மதியாக இருந்திருக்கலாம். அவர் இந்தியாவிலேயே இருந்தார். 70 வயதை நெருங்கியபோது மிஷன் அவருக்கு ஓய்வு கொடுத்தது. ஓய்வை வாங்கிக்கொண்டு அவர் நேராகக் கொல்லிமலைக்கு ஏறிவிட்டார்!

மட்டக் குதிரையில் ஊர் ஊராகப் போனார். பலமுறை கீழே விழுந்து அடிபட்டார். பிறகு இரண்டு கைகளிலும் மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு நடந்தார். கொல்லிமலையோடு நிற்காமல் பச்சைமலை, கல்ராயன் மலை, சித்தேரி மலை என்று போய்க்கொண்டே இருந்தார். கடைசி இருபது ஆண்டுகள் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்று மகன் பால் பிராண்ட் எழுதியிருக்கிறார். 'கிரானி பிராண்ட்' என்று அழைக்கப்பட்ட அந்தப் பாட்டி, 1974ல் தன் 95ஆம் வயதில் காலமானார். கணவருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

கவனிக்க வேண்டிய விஷயம் இதுதான்: இந்தத் தம்பதி சார்ந்த சபை, 'நற்செயலால் இரட்சிப்பு இல்லை' என்பதில் மிகக் கண்டிப்பானது. இந்த உழைப்பால் சொர்க்கத்தில் ஓர் அங்குல இடம்கூடக் கூடுதலாகக் கிடைக்காது என்று நம்பியவர்கள்தான் இப்படி உழைத்தார்கள்.

விலையா, விளைச்சலா?

இந்தக் கேள்வி ஐரோப்பாவையே இரண்டாகப் பிளந்தது. பாவத்துக்கான தண்டனையைக் குறைக்கும் சீட்டுகள் பணத்துக்கு விற்கப்படுவதை 1517ல் ஜெர்மனியின் விட்டன்பர்க்கில் மார்ட்டின் லூத்தர் எதிர்த்தார். மனிதன் நீதிமான் ஆவது விசுவாசத்தால் மட்டுமே என்றார். விசுவாசம் அன்புச் செயல்களோடு சேர்ந்தே முழுமை பெறும் என்பது கத்தோலிக்கத் தரப்பு. 1547ல் திரெந்து சங்கம் அதை விரிவாக வகுத்தது. ஆனால் கடவுளின் அருள் இல்லாமல் சொந்தச் செயலால் மட்டும் யாரும் மீட்படைய முடியாது என்பதை அந்தச் சங்கமும் சொன்னது.

பைபிளிலேயே இரண்டு குரல்கள் கேட்கும். செயல்களால் அல்ல, விசுவாசத்தால் என்கிறார் பவுல். செயல் இல்லாத விசுவாசம் செத்தது என்கிறார் யாக்கோபு. ஒருவர் வேரைப் பற்றிப் பேசுகிறார், மற்றவர் கனியைப் பற்றிப் பேசுகிறார் என்பது பலரும் தரும் விளக்கம். மாமரத்தில் காய் காய்ப்பதால் அது மாமரம் ஆவதில்லை. மாமரமாக இருப்பதால் காய்க்கிறது. ஆனால் காலமெல்லாம் காய்க்காத மரத்தை மாமரம் என்று சொன்னால் யாரும் நம்பவும் மாட்டார்கள்.

1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. கடவுள் மனிதனை ஏற்றுக்கொள்வது அருளால்தான். நற்செயல்கள் அதன் கனியாகப் பின்தொடர்கின்றன என்பது அதன் சாரம். 2006ல் மெத்தடிஸ்ட் சபைகளும் இதில் இணைந்தன. தமிழிலும் புராட்டஸ்டன்ட் வீடுகளில் 'கிருபை', 'இரட்சிப்பு' என்பார்கள். கத்தோலிக்க வீடுகளில் 'அருள்', 'மீட்பு' என்பார்கள். சொல் வேறு, நீட்டிய கை ஒன்றுதான்.

நற்செய்தி நூல்களில் இரண்டு காட்சிகள் இதை எளிதாக விளக்கும். சிலுவையில் தொங்கிய கள்வனுக்கு ஒரு நல்ல காரியம் செய்யக்கூட நேரமில்லை. ஒரு வேண்டுதல்தான் வைத்தான், இடம் கிடைத்தது. இன்னொன்று கடைசித் தீர்ப்பைப் பற்றி இயேசு சொன்னது. பசித்தவருக்குச் சோறும், உடை இல்லாதவருக்குத் துணியும் கொடுத்தவர்களை அரசர் பாராட்டுகிறார். அவர்களோ ஆச்சரியப்பட்டு, 'உமக்கு எப்போது அப்படிச் செய்தோம்?' என்று கேட்கிறார்கள். செய்தது அவர்களுக்கு நினைவிலேயே இல்லை. கணக்கு எழுதி வைத்திருந்தால் தானே நினைவிருக்கும்!

தமிழுக்கும் இது அந்நியமல்ல. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி கடையெழு வள்ளல்களில் ஒருவன். அந்த ஏழு பேரில் இன்னொருவன் ஆய் அண்டிரன். இங்கே செய்தால் மறுமையில் கிடைக்கும் என்று அறத்தை விலைபேசும் வியாபாரி அல்ல ஆய் என்று புறநானூற்றில் பாராட்டுகிறார் முடமோசியார். நல்லவர்கள் நடந்த வழி என்பதால்தான் அவன் கொடுத்தானாம்.

கணக்கு எழுதுவதில் என்ன தவறு? கொடுப்பவருக்கு ஒன்றும் குறையாமல் போகலாம், வாங்குபவருக்குத்தான் குறைகிறது. எனக்குப் புண்ணியம் சேர வேண்டும் என்று ஒருவருக்கு மருந்து கட்டினால், அந்த நோயாளி என் ஏணியில் ஒரு படி ஆகிவிடுகிறார். சொர்க்கத்தைப் பற்றிய கவலை தீர்ந்தவரால்தான் எதிரே இருப்பவரின் புண்ணை மட்டும் பார்க்க முடியும்.

அந்தப் பார்வை அடுத்த தலைமுறைக்கும் வந்தது. 1946ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தியவர்களில் முன்னோடி. சோற்றைத் தானே பிசைந்து சாப்பிட முடியாமல் இருந்தவர்களுக்குக் கை திரும்பக் கிடைத்தது.

விசுவாசமா, செயலா என்ற வாதம் இன்னும் பல நூற்றாண்டு நடக்கலாம். அண்டை வீட்டில் காய்ச்சலாய்க் கிடப்பவருக்கு அதன் முடிவு தெரிய வேண்டியதில்லை. அவருக்கு வேண்டியது சூடாக ஒரு தம்ளர் கஞ்சி. அதைக் கொண்டுபோகிறவர் மனதில் அவரைத் தவிர வேறு கணக்கு இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது.