கப்பல் சட்டத்துக்காக வீட்டுக்கு 1,800 டாலரா? ஹவாயில் ஒரு சின்ன அமைப்பு போட்ட கணக்கு

மதுரை வில்லாபுரம் பக்கம் போனால் வெயிலில் அப்பளம் காய்வதைப் பார்க்கலாம். இங்கே தயாராகும் அப்பளத்தில் ஒரு பங்கு வெளிநாட்டுக் கடைகளுக்குப் போகிறது. லாரியில் தூத்துக்குடி, அங்கே கன்டெய்னர், அப்புறம் கப்பல். ஐரோப்பாவுக்குப் போகிற கன்டெய்னர் என்றால், பல நேரம் முதலில் கொழும்பில் இறங்கும். அங்கிருந்து பெரிய கப்பலுக்கு மாறும்.

கொழும்பு எதுக்கு? நம்ம கொச்சியிலேயே மாற்றிவிடக் கூடாதா?

கொழும்பு சர்வதேசக் கப்பல் பாதையை ஒட்டி இருக்கிறது, பெரிய கப்பல்கள் வந்து நிற்க வசதியும் அதிகம். அது ஒரு காரணம். இன்னொன்று சட்டம். இந்தியாவின் ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொரு துறைமுகத்துக்கு வெளிநாட்டுக் கப்பல் தனி லைசென்ஸ் இல்லாமல் சரக்கு ஏற்றக் கூடாது என்றது 1958-ம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம். கப்பல் துறையில் இதற்கு ‘கபோடாஜ்’ என்று பெயர். கொச்சி வல்லார்பாடம் முனையத்துக்கு மட்டும் 2012-ல் விலக்கு கிடைத்தது. மற்ற துறைமுகங்களில் ஏற்றுமதி, இறக்குமதி கன்டெய்னர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது 2018 மே மாதத்தில்தான்.

இப்படி ஒரு சட்டத்தால் சாதாரணக் குடும்பத்துக்கு எவ்வளவு செலவாகிறது என்று நம்மூரில் பெரிதாக யாரும் பேசியதில்லை. துறைமுகம், கப்பல் கம்பெனி, அமைச்சகம் என்று அந்த வட்டத்துக்குள்ளேயே விவாதம் முடிந்துவிடும். அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில் ஒரு சின்ன அமைப்பு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தது.

அது என்ன ஜோன்ஸ் சட்டம்?

1920-ல் வந்த அமெரிக்க வணிகக் கடல் சட்டத்தின் 27-வது பிரிவுக்குத்தான் இந்தப் பெயர். கொண்டுவந்தவர் வாஷிங்டன் மாநில செனட்டர் வெஸ்லி ஜோன்ஸ். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே சரக்கு கொண்டுபோகும் கப்பல் அமெரிக்காவில் கட்டியதாக இருக்க வேண்டும், அமெரிக்கர்களுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், அமெரிக்கக் கொடி பறக்க வேண்டும், ஊழியர்களும் பெரும்பாலும் அமெரிக்கர்களாக இருக்க வேண்டும்.

இதில் வலிக்கிற இடம் முதல் நிபந்தனை. ஆசியாவில் கட்டுவதைவிட அமெரிக்காவில் ஒரு சரக்குக் கப்பல் கட்டப் பல மடங்கு செலவாகும். ரயிலும் லாரியும் ஓடுகிற கலிஃபோர்னியாக்காரருக்கு இது தெரியாமலே போகலாம். ஹவாயோ கலிஃபோர்னியாவிலிருந்து சுமார் 3,900 கி.மீ. தள்ளி நடுக்கடலில் இருக்கிறது. சாப்பாட்டுப் பொருளில் பெரும்பகுதி கப்பலில்தான் வர வேண்டும். அந்த வழியில் மேட்சன், பாஷா என்ற இரண்டு கம்பெனிகள்தான் பெரிய ஆட்கள்.

2022 வரை ஹவாய் தன் கச்சா எண்ணெயில் கணிசமான பங்கை ரஷ்யாவிலிருந்து வாங்கியது. சொந்த நாட்டில் எண்ணெய் கிடைக்கிறது. ஆனால் அதை அமெரிக்கக் கப்பலில் கொண்டுவருகிற செலவைப் பார்த்தால், வெளிநாட்டுக் கப்பலில் வெளிநாட்டு எண்ணெய் வாங்குவதே லாபமாக இருந்தது. உக்ரைன் போர் வந்த பிறகுதான் அது நின்றது. நாட்டின் பாதுகாப்புக்காக என்று சொல்லப்படும் சட்டம் கொண்டுபோய் நிறுத்திய இடம் இது.

கணக்கு போட்டது யார்?

‘கிராஸ்ரூட் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஹவாய்’ 2001-ல் ஹோனலுலுவில் தொடங்கப்பட்ட லாப நோக்கமில்லாத அமைப்பு. தலைவர் கெலி அகினா. ‘கப்பல் செலவால்தான் விலைவாசி’ என்று தீவில் எல்லாரும் பேசுவார்கள், கையில் நம்பர் இருக்காது. 2020-ல் இந்த அமைப்பு ஒரு பொருளாதார ஆய்வு நிறுவனத்தைக் கொண்டு அந்த நம்பரை எடுத்தது. ஹவாய்க்கு ஆண்டுக்குச் சுமார் 120 கோடி டாலர் சுமை. ஒரு சராசரிக் குடும்பத்துக்கு ஏறக்குறைய 1,800 டாலர், நம்ம பணத்தில் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல்.

மொத்தச் சுமையில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு ‘அமெரிக்காவிலேயே கட்ட வேண்டும்’ என்ற ஒரே நிபந்தனையால் வருகிறது என்றும் ஆய்வு பிரித்துக் காட்டியது. இது சாமர்த்தியமான வேலை. சட்டத்தையே தூக்கு என்றால் மாலுமிகள் சங்கம் எதிர்க்கும், பாதுகாப்புத் துறையும் எதிர்க்கும். கப்பலை மட்டும் வெளியில் வாங்க விடுங்கள், கொடியும் ஊழியர்களும் அமெரிக்கர்களாகவே இருக்கட்டும் என்றால் பேச ஒரு வாசல் திறக்கும்.

எதிர்த் தரப்பும் சும்மா இருக்கவில்லை. கப்பல் துறைக் கூட்டமைப்பு அதே ஆண்டு தன் தரப்பில் ஓர் ஆய்வை வெளியிட்டு, கடை விலையில் பெரிய பாதிப்பு இல்லை என்றது. கிராஸ்ரூட்டும் நடுநிலை அமைப்பு கிடையாது. தாராளச் சந்தைக் கொள்கைக்காகவே இயங்குவது, அதை மனதில் வைத்துத்தான் அதன் நம்பரையும் பார்க்க வேண்டும்.

அப்போ பாதுகாப்பே வேண்டாமா?

அப்படி ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. அதற்குத் தூத்துக்குடியே சாட்சி. 1906-ல் வ.உ.சி. சுதேசி கப்பல் கம்பெனி தொடங்கி கொழும்புக்குக் கப்பல் விட்டபோது, பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது. கடைசியில் இலவசப் பயணம், கூடவே ஒரு குடையும் இலவசம் என்றது. 1908-ல் வ.உ.சி. கைதானார். 1911-க்குள் கம்பெனியும் கலைந்தது. உள்நாட்டுக் கப்பலுக்குச் சட்டக் காவல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அன்றைய தலைவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். கடலோர வணிகத்தை இந்தியக் கப்பல்களுக்கே ஒதுக்க வேண்டும் என்று 1928-ல் மத்திய சட்டசபையில் எஸ்.என்.ஹாஜி மசோதா கொண்டுவந்தார். சுதந்திரத்துக்குப் பிறகு வந்த கபோடாஜ் விதிக்கு வேர் அங்கே இருக்கிறது.

வ.உ.சி.க்குக் கிடைக்காத அந்தக் காவல் பிற்பாடு வந்தது. ஆனால் சரக்கு அனுப்புகிறவருக்கு அது எவ்வளவு செலவு வைக்கிறது என்று யாரும் அவ்வப்போது எடுத்துப் பார்க்கவில்லை. சிக்கல் இங்கேதான்.

இப்போது நிலைமை என்ன?

அமெரிக்காவில் ஜோன்ஸ் சட்டம் நூறு வயதைத் தாண்டி அப்படியே இருக்கிறது. ஹவாய் பிரதிநிதி எட் கேஸ் பல முறை திருத்த மசோதா கொண்டுவந்தும் எதுவும் நிறைவேறவில்லை. ஹவாயின் சொந்த செனட்டர்களே பல காலமாகச் சட்டத்தின் பக்கம்தான்.

இந்தியாவில் வேகம் அதிகம். 2025-ல் மட்டும் கடல் தொடர்பான ஐந்து சட்டங்கள் புதிதாக வந்தன. சிப்பாய்க் கலகத்துக்கும் முந்தைய 1856-ம் ஆண்டு சரக்கு ரசீதுச் சட்டம் இப்போதுதான் ஓய்வு பெற்றது. புதிய கடலோரக் கப்பல் போக்குவரத்துச் சட்டப்படி இந்தியக் கப்பலுக்குப் பொது லைசென்ஸ் தேவையில்லை. வெளிநாட்டுக் கப்பலுக்குத் தேவை. அதைக் கொடுக்கும்போது ஊழியர்கள் எந்த நாட்டவர், கப்பல் எங்கே கட்டப்பட்டது என்பதையும் கப்பல் துறைத் தலைமை இயக்குநர் கவனத்தில் கொள்ளலாம். ஹவாய் அமைப்பு எடுக்கச் சொல்லி வருடக்கணக்காகக் கேட்பதும் அந்தக் ‘கட்டிய இடம்’ நிபந்தனையைத்தான்.