இம்மி பிசகாமல் நகர்த்தலாமா?

வீடு மாற்றும்போது பார்த்திருப்பீர்கள். பீரோவைச் சுவரோரம் தள்ளுகையில், "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்... போதும், போதும்!" என்று ஆளுக்கொரு குரல் கொடுப்பார்கள். ஆனால், கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் பொறியாளர்களிடம் இந்தக், 'கொஞ்சம்' செல்லாது!

ஏன் தெரியுமா குட்டீஸ்? 3 மீட்டர், அதாவது 3,000 மில்லிமீட்டர் அகலமுள்ள அறை ஒன்றைக் கம்ப்யூட்டரில் வரைந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். திரையில் அது 1,000 புள்ளிகள் அகலத்துக்குத் தெரிகிறது என்றால், ஒரு புள்ளிக்கு 3 மில்லிமீட்டர். மேஜைப் படத்தை மவுசால் இழுத்துச் சுவரோடு ஒட்டிவிடுகிறீர்கள். நடுவே 2 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் கண்ணுக்குத் தெரியுமா? தெரியாது. படத்தைப் பெரிதாக்கினால்தான் குட்டு வெளிப்படும்!

மேஜைக்கு இது பரவாயில்லை. விமானத்துக்கு? 1994ல் முதன்முதலாகப் பறந்த போயிங் 777, முழுக்க முழுக்கக் கம்ப்யூட்டரிலேயே வடிவமைக்கப்பட்ட முதல் பயணிகள் ஜெட் விமானம். அதில் சுமார் 30 லட்சம் பாகங்கள்! ஒரு பாகம் இன்னொன்றின் மீது இடிக்கிறதா என்று, தொழிற்சாலையில் பொருத்துவதற்கு முன்பே திரையில் பார்த்துத் திருத்தினர். வரைபடத்தில் பாகங்கள் தப்பான இடத்தில் இருந்தால், அந்தச் சோதனையே பொய்யாகிவிடும் அல்லவா?

சரி, துல்லியமாக நகர்த்துவது எப்படி? 1982ல் வெளிவந்த, 'ஆட்டோகேட்' என்ற மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அதில், 'மூவ்' என்று கட்டளை கொடுத்தால், கம்ப்யூட்டர் மூன்று விஷயங்களைக் கேட்கும்.

* எதை நகர்த்த வேண்டும்?
* அதை எந்தப் புள்ளியில் பிடிக்க வேண்டும்?
* அந்தப் புள்ளி எங்கே போய் உட்கார வேண்டும்?

இரண்டாவது கேள்விதான் ரொம்ப முக்கியம். பிடிக்கும் அந்தப் புள்ளிக்கு, 'பேஸ் பாயின்ட்' என்று பெயர். மேஜையின் மூலையைப் பிடித்து அறையின் மூலையில் வைத்தால், கச்சிதமாகப் பொருந்தும். மேஜையின் நடுப்புள்ளியைப் பிடித்து அதே இடத்தில் வைத்தால்? கால்வாசி மேஜைதான் அறைக்குள் இருக்கும். முக்கால்வாசி சுவரைத் தாண்டிப் போய்விடும்!

மூலையைச் சரியாகப் பிடிக்க, 'ஆப்ஜெக்ட் ஸ்னாப்' என்ற வசதி உதவுகிறது. கோட்டின் முனை, கோட்டின் நடு, வட்டத்தின் மையம் போன்ற இடங்களுக்குப் பக்கத்தில் மவுசைக் கொண்டு போனாலே போதும்; காந்தம் போல் அந்தப் புள்ளியிலேயே ஒட்டிக்கொள்ளும்.

இது புது யோசனை அல்ல. 1963ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.,யில் இவான் சதர்லேண்ட் என்பவர், 'ஸ்கெட்ச்பேட்' என்ற வரைபட மென்பொருளை உருவாக்கினார். திரையில் ஒளிப்பேனாவால் வரைய வேண்டும். பேனா ஒரு கோட்டை நெருங்கினாலே, அந்தக் கோட்டின் மீதே இருப்பதாகக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும்!

எண்களாலும் நகர்த்தலாம். வலப்பக்கம் எவ்வளவு, மேலே எவ்வளவு என்று இரண்டு எண்கள் தந்தால் போதும். இடப்பக்கமோ, கீழேயோ போக வேண்டுமானால், எண்ணுக்கு முன் கழித்தல் குறி போட வேண்டும்.

கம்ப்யூட்டர் இல்லையே என்று கவலை வேண்டாம். கட்டம் போட்ட கணக்கு நோட்டே போதும். 15 கட்டம் அகலமும், 12 கட்டம் உயரமும் உள்ள அறை ஒன்றை வரையுங்கள். 6 கட்டம் நீளம், 3 கட்டம் அகலத்தில் மேஜை ஒன்றைக் காகிதத்தில் வெட்டுங்கள். அதன் இடது கீழ் மூலை, அறையின் இடது கீழ் மூலையிலிருந்து வலப்பக்கம் 5, மேலே 3 கட்டம் தள்ளி இருக்கட்டும். இப்போது மேஜையை, அறையின் வலது கீழ் மூலையில் பொருத்த வேண்டும். எந்தப் புள்ளியைப் பிடிப்பீர்கள்? என்ன எண்கள் தருவீர்கள்?

விடை: மேஜையின் வலது கீழ் மூலையைப் பிடிக்க வேண்டும். எண்கள்: 4, -3. அதாவது, வலப்பக்கம் 4 கட்டம், கீழே 3 கட்டம்.

சரியாகச் சொன்னவர்களுக்கு ஒரு, 'சபாஷ்!' இனி யாராவது, "கொஞ்சம் தள்ளி வை" என்றால், "எந்தப் புள்ளியிலிருந்து, எந்தப் புள்ளிக்கு?" என்று கேட்டுப் பாருங்களேன்!